தலைவரை வீட்டுக்கு அனுப்பியவள்

“தாத்தா, நீங்க எப்ப வீட்டுக்குப் போவிய?”

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லின் வாசலில், ஐந்து வயதுப் பிரிஸ்கில்லா கேட்ட கேள்வி இது. கேட்கப்பட்டவர் பாஷ்யம். நாடு முழுக்க நாலு லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகளை வைத்திருந்த சம்மேளனத்துக்கு அவர் அப்போது தேசியத் தலைவர். ஆனாலும் சொந்த ஊர்ப் பக்கத்து மில்லில் ஸ்டிரைக் என்றதும் டெல்லியிலிருந்து ரயிலேறி வந்து, வேப்பமரத்தடியில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். அது உண்ணாவிரதத்தின் ஆறாம் நாள். உதடெல்லாம் வெடித்திருந்தது.

குழந்தையின் அம்மா தங்கபாய் வெலவெலத்துப்போய், “ஏட்டி, சும்மா கிட” என்று மகளை இழுத்தாள்.

பாஷ்யம் சிரித்தார். “கேக்கட்டுமே. நியாயமான கேள்வி. நீங்கள்லாம் என்னைப் போகச் சொல்லுங்கோ பாப்பா, அடுத்த நிமிஷம் போயிடறேன்.”

சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரைப் போகச் சொல்ல யாருக்கு வாய் வரும்? அன்றைக்கும் வரவில்லை, அதற்கப்புறம் இருபத்திரண்டு வருஷத்திலும் வரவில்லை.

இப்போது பாஷ்யத்துக்கு எண்பத்துமூன்று வயது. தலைவராகி முப்பத்தொரு வருஷம். பிரிஸ்கில்லா மதுரையில் நர்ஸ். தங்கபாய் அதே மில்லில், அதே ஸ்பின்னிங் பிரிவில், தலையில் பஞ்சுத் துகள் படிய அறுந்த நூலை ஒட்டிக்கொண்டிருக்கிறாள். நடுவில் அவளுக்கு ஒரு பெயர் மட்டும் கிடைத்திருந்தது: ‘கடிதம் கிழிச்ச தங்கபாய்.’

அந்தப் பெயர் வந்த விதம் வெளியூர்க்காரர்களுக்கு வேடிக்கையாக இருக்கும். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சம்மேளனத்தின் மாநாடு நடக்கும். இரண்டாம் நாள் மதியம் பாஷ்யம் எழுந்து, “வயசாயிடுத்து, என்னை விட்டுடுங்கோ” என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் ஒன்றை வாசிப்பார். மண்டபம் முழுக்க, “கூடாது! கூடாது!” என்று கத்தும். அவருடைய ஊர்ப் பக்கத்து மில்லிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் மேடையேறி, அந்தக் கடிதத்தை வாங்கி நாலாகக் கிழிப்பார். உடனே மாலை, கைதட்டல், கோஷம். தேர்தல் முடிந்தது. கடைசி மூன்று மாநாடுகளிலும் கிழித்தது தங்கபாய்தான். சம்மேளனப் பத்திரிகையில் வந்த அவள் படத்தை வீட்டில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறாள். பக்கத்திலேயே இயேசுநாதர் படம்.

இந்த வருஷம் மாநாடு ராஜபாளையத்திலேயே என்று முடிவானதும், மில் வாசல் டீக்கடையில் சண்டை தொடங்கிவிட்டது.

“எங்க தாத்தாவுக்கு எம்பத்திரெண்டு. அரைஞாண்ல செருகுன சாவியத் தெருவெல்லாம் தேடுதாரு. இவியளுக்கு எம்பத்திமூணு. இவியகிட்டப் போயி நாலு லட்சம் பேரு சாவியவும் குடுத்திருக்கோம்” என்றான் சதீஷ். பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்க்கும் பையன். வாய் மட்டும் மூன்று ஷிப்டும் ஓடும்.

“ஏலே, நீ வேலைக்குச் சேந்து எம்புட்டு நாளாச்சு?” என்று பாய்ந்தாள் தங்கபாயோடு வேலை பார்க்கும் வெள்ளத்தாய். “ஒத்தைப் பொம்பளைக்கு எட்டு சைடு குடுத்த காலம் உனக்குத் தெரியுமா? ஒண்ணுக்குப் போக நேரம் கெடையாது. இன்னைக்கு நாலு சைடுன்னா, அது ஆரு போட்ட பிச்சை?”

நூற்கும் மெஷினின் ஒரு பக்கத்தைத்தான் அங்கே சைடு என்பார்கள். எட்டு, ஆறாகி, ஆறு, நாலானது பாஷ்யம் காலத்தில்.

“அதான் நாலாக்கிட்டாருல்லா? வீட்டுல போயி உக்காரட்டும். எட்வின் அண்ணன் பதினஞ்சு வருசமாச் செயல் தலைவராவே நிக்காரு. கல்யாணத்துக்கு நிச்சயம் பண்ணிட்டுத் தாலி கட்ட விடமாட்டேங்கிய.”

எல்லாரும் சிரித்தார்கள், வெள்ளத்தாய் உட்பட. ஆனால் சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள்: “இருக்கட்டும்லே. அவிய இருக்காகன்னா நமக்கு ஒரு தைரியம். அவிய இல்லாட்டி மொதலாளிமாரு நம்மள மதிப்பாகளா?”

தங்கபாய் டீயை ஊதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விவாதமே இல்லை. அவர் உயிரோடு இருக்கிறவரை அவர்தான் தலைவர். அவள் கை இருக்கிறவரை அவள்தான் கிழிப்பாள். அதற்கு அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

மாநாட்டுக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, மில் அலுவலகத்தில் சைடு கணக்கைப் பற்றிப் பேச்சுவார்த்தை. பாஷ்யம் வந்தார். கூடப் போனது தொழிலாளிகளின் பிரதிநிதியான தங்கபாய் மட்டும்தான். சம்மேளனப் பொதுச்செயலாளர் வரதராஜ் மாநாட்டுப் பந்தல் வேலையில் இருந்தார்.

பழைய சிங்கம்தான். மேஜையைத் தட்டினார். மேனேஜரின் கண்ணைப் பார்த்தார். “தீர்மானமாச் சொல்றேன். ஒரு பெண்ணுக்கு ஆறு சைடுக்கு மேல நீங்க தரப்படாது!”

தங்கபாய்க்கு முதலில் காதில்தான் கோளாறோ என்று தோன்றியது. ஆறா? இப்போது ஓடுவதே நாலுதானே? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்க வேண்டியதை இன்றைக்குக் கேட்கிறார். மேனேஜர் ஒரு நொடி திகைத்தார். பிறகு முகத்தில் ஒரு புன்னகை மெல்லப் பரவியது.

“நீங்க சொன்னாச் சரிதான் அய்யா. ஆறு. எழுதிடலாமா?” பேனாவைத் திறந்தேவிட்டார்.

தங்கபாயின் கை தானாக நீண்டது. டீ கிளாஸ் கவிழ்ந்தது. பேப்பர், மேஜை விரிப்பு, மேனேஜரின் வெள்ளைச் சட்டைக் கை எல்லாம் டீ.

“அய்யய்யோ, மன்னிச்சுக்கிடுங்க சார்.”

“பரவால்லம்மா. வேற பேப்பர் இருக்கு.”

இனி என்ன செய்ய? சுவரில் கடிகாரம் பத்தே முக்கால் காட்டியது. அதற்குக் கீழே, பூ சாத்திய ஆண்டாள் படம். தங்கபாய் சட்டென்று சொன்னாள்: “சார், வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல ராகுகாலம்லா? கையெழுத்து வேலைய இப்பப் பண்ணலாமா? டீ கொட்டுனதே சகுனம் மாதிரி இருக்கு.”

மேனேஜர் பேனாவை அப்படியே மூடி வைத்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் ராகுகாலம் பார்க்கிறாளே என்று யோசிக்க அவருக்கு நேரமில்லை. பாஷ்யமும், “வாஸ்தவம், வாஸ்தவம். பொறுத்துப் பண்ணலாம்” என்று தலையாட்டினார். வெளியே வந்த தங்கபாய், ‘ஆண்டவரே, என்னை மன்னியும். வேற வழி தெரியல’ என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அவரும் மன்னித்திருப்பார். இப்படிப்பட்ட ராகுகாலங்களை அவர் கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குக் காரில் கொண்டுவிடும்போது பாஷ்யம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டார்: “நான் ஏதாவது தப்பாப் பேசினேனா, தங்கம்?”

“இல்ல அண்ணாச்சி.”

“நீ டீயைக் கொட்டினியே.”

“கை நடுக்கம் அண்ணாச்சி. எனக்கும் வயசாவுதுல்லா?”

மடவார் வளாகம் பகுதியில் அவர் வீட்டு வாசலில் கார் நின்றது. அவர் உள்ளே போய்க் கை கால் அலம்பும் சத்தம் கேட்டதும், அவர் மனைவி கோதைநாயகி தங்கபாயைக் கூடத்து ஓரமாக அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: “இன்னிக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“எங்கிட்ட மறைக்காதே. போன மாசம் கோயிலுக்குப் போனவர், திரும்பி வர வழி கேட்டுண்டு தேரடியில நின்னிருக்கார். பூக்காரிதான் கூட்டிண்டு வந்தா. பிறந்து வளர்ந்த ஊர். நான் டாக்டர்ட்ட காட்டினேன். இனிமே கூடிண்டேதான் போகுமாம்.”

“அம்மா, நீங்க அவியகிட்டச் சொல்லலாம்லா, போதும்னு?”

“சொல்லாம இருப்பேனா? ‘தொழிலாளி என்னைப் போகச் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் வந்துடறேன்’ங்கறார். நீங்கதான் சொல்ல மாட்டேங்கறேளே. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் கடுதாசியைக் கிழிச்சு அனுப்பிடறேள்.” கோபமாகச் சொல்லவில்லை. ஒரு டம்ளர் மோரை நீட்டிக்கொண்டே சொன்னாள். “ஒண்ணே ஒண்ணு. இதை வெளியில விட்டுடாதே. அறுபது வருஷத்துப் பேர். முதலாளிகள் வாயில அவர் சிரிப்பாச் சிரிக்கப்படாது.”

அந்த இரண்டு வாரமும் தங்கபாய்க்கு நூல் அறுந்ததும் தெரியவில்லை, ஒட்டியதும் தெரியவில்லை. அடுத்த மாதம் டெல்லியில் அரசாங்கமும் முதலாளிகளும் சங்கங்களும் உட்காரும் முத்தரப்புப் பேச்சுவார்த்தை. நாடு முழுக்க ஆளுக்கு எத்தனை சைடு என்பதைத்தான் முடிவு செய்யப் போகிறார்கள். அங்கே டீ கிளாஸைக் கவிழ்க்கத் தங்கபாய் இருக்கமாட்டாள். அவர் ஆறு என்று மேஜையைத் தட்டினால், ஆறு என்றே எழுதிவிடுவார்கள். உண்மையை மாநாட்டில் சொன்னால் அவர் பெயர் போகும். சொல்லாமல் வழக்கம்போல் கிழித்தால் நாலு லட்சம் பேரின் முதுகு ஒடியும். கிழிக்காமல் விட்டால்? ‘நன்றி கெட்டவள்’ என்ற பெயர் அவளுக்கு.

நன்றி என்ற சொல் வரும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பழைய ஸ்டிரைக்தான் நினைவுக்கு வந்தது.

நாற்பத்தொரு நாள் நடந்தது. முப்பத்தாறாம் நாள் பிரிஸ்கில்லாவுக்கு டைபாய்டு. புருஷன் இல்லாத வீடு. கடனுக்கு மருந்து தரக் கடைக்காரனும் மறுத்துவிட்டான். உள்ளே வந்து வேலை பார்த்தால் அன்றன்றே கூலி என்று கம்பெனி சொல்லியிருந்தது. விடியற்காலை, முக்காட்டைப் போட்டுக்கொண்டு, பஞ்சு குடோன் பக்கத்துப் பின்வாசலால் தங்கபாய் உள்ளே போனாள். இரண்டு நாள். இரண்டாம் நாள் அந்த வாசல் பக்கத்து அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்த பாஷ்யம் அவளைப் பார்த்துவிட்டார். மறுபடி குனிந்து, ஏற்கனவே கழுவின முகத்தையே கழுவிக்கொண்டிருந்தார், அவள் போய் மறைகிறவரை.

ஸ்டிரைக் ஜெயித்த பிறகு பொதுக்கூட்டத்தில், “உள்ள போன கருங்காலி ஆரு? பேரைச் சொல்லுங்க!” என்று கூட்டம் கொதித்தது. பாஷ்யம் எழுந்தார். “பின்வாசல்ல நின்னவன் நான். ஒருத்தரும் போகலை.” வாழ்நாளில் பொய் சொல்லாத மனுஷர். ‘தலைவர் கம்பெனிக்கு விலைபோய்ட்டாரு, அதான் மறைக்காரு’ என்றுகூடச் சிலர் பேசினார்கள். அதையும் அவர் காதில் வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். அதன் பிறகு ஒரு நாளும் அவளிடம் அதைப் பற்றிக் கேட்டதில்லை. தங்கபாய் அன்றிலிருந்து அவருக்குக் கடன்பட்டவள்.

மாநாட்டின் இரண்டாம் நாள் வந்தது. கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. கான்பூர்க்காரர்களும் அகமதாபாத்காரர்களும் மின்விசிறிக்கு நேரே இடம் பிடித்திருந்தார்கள். பாஷ்யம் எழுந்து கடிதத்தை வாசித்தார். “கூடாது! கூடாது!” என்று கூரை அதிர்ந்தது. வரதராஜ் மைக்கைப் பிடித்து, “நம்ம தங்கபாய் அக்கா மேடைக்கு வரவும்” என்றார். அவர் கையில் ஆள் உயர மாலை தயாராக இருந்தது.

தங்கபாய் ஏறினாள். பாஷ்யம் சிரித்துக்கொண்டே கடிதத்தை நீட்டினார். அவள் வாங்கினாள். போட்டோக்காரன் குனிந்தான். அவள் அதை இரண்டாக மடித்து, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எட்வின் முன்னால் வைத்து, காற்றில் பறக்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்து அதன் மேல் வைத்தாள்.

பிறகு பாஷ்யத்தின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் அவள் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

“அண்ணாச்சி, வீட்டுக்குப் போங்க. நாங்க பாத்துக்கிடுதோம்.”

பாஷ்யம் அவளை வெறித்துப் பார்த்தார். அறைபட்ட குழந்தையின் முகம் அது. ஆனால் முப்பத்தொரு வருஷம் சொன்ன சொல்லை மாற்றாதவர் அவர். மெல்லத் திரும்பிச் சபையைக் கும்பிட்டார். “தொழிலாளி போகச் சொல்லிட்டா. நான் வரேன்” என்றார். வரதராஜின் கையிலிருந்த மாலையை எட்வின்தான் வாங்கி அவர் கழுத்தில் போட்டார். போட்டவர் அழுதார். மண்டபமே அழுதது. சாயங்காலம் எட்வின் தலைவரானார்.

அழுத கண்ணெல்லாம் மறுநாள் தங்கபாய் பக்கம் சிவந்து திரும்பியது.

“எட்வின் ஆளுக என்ன தந்தாக?” என்று வெள்ளத்தாய் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டாள். பத்து வருஷமாக ஒரே தூக்குவாளியில் சாப்பிட்டவள். அவர் போகவேண்டும் என்று சொன்ன சதீஷே, “இருந்தாலும் நீங்க பண்ணிருக்கக் கூடாதுக்கா. போகச் சொல்ல நான் இருக்கேன், வாய் நாறுன பய. நீங்க அவிய பிள்ளை மாதிரில்லா” என்றான். மதுரையிலிருந்து பிரிஸ்கில்லா போனில், “ஏன்மா அப்படிச் செஞ்சே?” என்று கேட்டாள். “தோணுச்சுடி, செஞ்சேன்” என்றாள் தங்கபாய்.

வரதராஜும் அதைச் சும்மா விடவில்லை. அவர் சொல்லி, மில் கிளைக் கமிட்டியிலிருந்து அவளுக்கு நோட்டீஸ் வந்தது: ‘மாநாட்டு மரபை மீறியதற்கு ஏழு நாளுக்குள் எழுத்துப்பூர்வமான விளக்கம் தரவும். தவறினால் பிரதிநிதிப் பொறுப்பிலிருந்து நீக்கப்படுவீர்கள்.’ இதுவரை கம்பெனியிடமிருந்துதான் அவளுக்கு இப்படி நோட்டீஸ் வந்திருக்கிறது.

நோட்டீஸ் வந்த ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, சோழபுரத்துக்காரி ஒருத்தி விற்ற கொய்யாப்பழம் நாலு வாங்கிக்கொண்டு, தங்கபாய் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள்.

பாஷ்யம் கூடத்தில் துளசி கிள்ளிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மனசு கேட்கவில்லை.

“சாப்பிட்டியா?”

“ஆச்சு அண்ணாச்சி.”

“பொய். கோதை, இவளுக்கு இலை போடு.” துளசிக் காம்பை ஒதுக்கிப் போட்டுவிட்டு, “நீகூட கிழிக்கலியே, தங்கம்” என்றார்.

அடுக்களை வாசலில் கோதைநாயகி வந்து நின்றாள். சொல்லிவிடப்போகிறவள் போல வாயைத் திறந்தாள். தங்கபாய் வேண்டாம் என்று தலையசைத்தாள்.

“ஆமா அண்ணாச்சி. கிழிக்கல.”

“சரி, விடு. எட்வின் நல்ல பையன். பாத்துப்பான்.” அவர் கோபம் அவ்வளவுதான். கொய்யாவை முகர்ந்து பார்த்தார். அவர் நல்ல மனநிலையில் இருப்பதைப் பார்த்துத் தங்கபாய், இத்தனை வருஷமும் கேட்காததைக் கேட்டாள்.

“அண்ணாச்சி, நம்ம மில் ஸ்டிரைக் நெனவிருக்கா?”

“இல்லாமலா? நாப்பத்தொரு நாள்!” அவர் முதுகு நிமிர்ந்தது. “அது மாதிரி ஒரு போராட்டம் இந்தியாவிலேயே கிடையாது. ஒருத்தர் உள்ள போகலியே! பின்வாசல்ல நானே நின்னு பார்த்தேன். ஒருத்தர்கூடப் போகலை.”

தங்கபாய் அவர் கண்ணைப் பார்த்தாள். அதில் ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. அவளுக்காகச் சொன்ன பொய் அவருக்கு இப்போது நிஜமாகவே ஆகிவிட்டது. அந்தக் காலைப்பொழுதும், பம்பும், முக்காடு போட்ட பெண்ணும் அவரை விட்டுப் போய்விட்டார்கள். இனி அது தெரிந்தவர் மேலே ஒருவர், கீழே அவள்.

“ஆமா அண்ணாச்சி” என்றாள். “ஒருத்தரும் போகல.”

சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி மூன்று. நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்து, கமிட்டிக்கு விளக்கம் எழுதப் பையிலிருந்து கோடு போட்ட தாளை எடுத்தாள். ‘அன்று வெள்ளிக்கிழமை பேச்சுவார்த்தையில்’ என்று முந்தின நாளே எழுதி நிறுத்தியிருந்தாள். மீதியை எழுதினால் நாளைக்கே வெள்ளத்தாய் தூக்குவாளியோடு வந்துவிடுவாள். பிரதிநிதிப் பொறுப்பும் போகாது. அந்த வரியை அடித்தாள். எழுத்து தெரியாமல் போகிறவரை அடித்தாள். கீழே எழுதினாள்:

‘மாநாட்டில் நான் செய்தது என் சொந்த முடிவு. யாரும் தூண்டவில்லை. தலைவரிடம் நான் எந்தக் குறையும் கண்டதில்லை. கமிட்டி எடுக்கும் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன். வெ. தங்கபாய், ஸ்பின்னிங்.’

மூன்றாவது வரியில் பேனா ஒரு தரம் நின்றது. பொய்யோ? இல்லை. மறதி வயசு தருவது, மனுஷனின் குறையா என்ன? அப்படியே விட்டாள்.

சங்க அலுவலகத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆளிருக்காது. தெருவில் வெயில் மட்டும்தான் இருந்தது. எதிர்க்கடைக்காரர் பலகை போட்டு உறங்கப் போயிருந்தார். தங்கபாய் படியில் குனிந்து ஷட்டருக்கு அடியில் உறையைச் செருகினாள். ஒரு முனை வெளியே நின்றது. ஒற்றை விரலால் அதையும் உள்ளே தள்ளிவிட்டு, எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.